வளவு மூலையில் மண்ணும் பறவையும்: பிள்ளைகளோடு ஒரு காலை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்ணையும் பறவைகளையும் பார்க்கத் தொடங்கி இரண்டு மாரி போய்விட்டது. எப்படிச் செய்வது என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

சின்ன மண்வெட்டி, அடிமட்டம், ஒரு பழைய உரப்பை, கொப்பி, பென்சில் போதும். தொலைநோக்கி இருந்தால் எட்டு மடங்கு பெருக்குவதைக் கொண்டுவாருங்கள். பத்து மடங்கு பிள்ளைகளின் கையில் ஆடிக்கொண்டே இருக்கும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

நான் பிழைவிட்டது இங்கேதான். முதல் தடவை ஆடி மாதம், கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரத்தில் செய்தோம். மூன்று இடத்தில் வெட்டியும் ஒரு மண்புழு இல்லை. "அக்கா, எங்கட மண் செத்துப்போச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் விளங்கியது. மண்புழு தோலால் சுவாசிக்கிறது. அந்தத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மண் காய்ந்ததும் ஆழத்துக்கு இறங்கி, உருண்டையாகச் சுருண்டு மழை வரும்வரை முடங்கிக் கிடக்கும். நாங்கள் தோண்டிய ஆழத்தில் அது எப்படி இருக்கும்? அதனால் ஐப்பசி மழை நன்றாக விழுந்து மூன்று நான்கு நாள் போகட்டும். வெள்ளம் நிற்கும்போதும் வேண்டாம், குழியில் தண்ணீர் ஊறிவிடும். மழைக்காலம் வரை பொறுக்க முடியாதென்றால் கிணற்றடி வாழைக்குக் கீழே வெட்டிப் பாருங்கள், அங்கே எப்போதும் ஈரம் இருக்கும்.

2. வெட்டுவதற்கு முன் பறவையைப் பாருங்கள்

பலர் மண்ணை ஒரு நாளும் பறவையை இன்னொரு நாளும் காட்டுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. எங்கே வெட்டுவது என்று பறவையே காட்டட்டும்.

காலை ஆறு மணிக்கு வந்து கால் மணி நேரம் பேசாமல் இருங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. அது எங்கே அலகை வைக்கிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். புலுனிகள் (தவிட்டுக்குருவிகள்) கூட்டமாக இறங்கிச் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டும். செண்பகம் வேலியோரமாக நடந்துவந்து ஆபிரிக்க நத்தையைத் தூக்கும். எண்ணும்போது ஒரே பார்வையில் கண்ட ஆகக் கூடிய எண்ணிக்கையை எழுதுங்கள். வந்து வந்து போவதையெல்லாம் கூட்டினால் நாலு மைனா நாற்பதாகிவிடும். அலகு வைத்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள்.

3. இரண்டு குழி

ஒன்று குச்சி நட்ட இடத்தில், மற்றது தினமும் கூட்டிப் பெருக்கும் முற்றத்தில். இரண்டும் நீளம், அகலம், ஆழம் 20 சென்ரிமீற்றர். சருகைக் கையால் தொடமுன் தடியால் தட்டிவிடுங்கள், புடையன் பாம்பு கிடக்கக்கூடும். மண்ணை உரப்பையின் வெள்ளைப் பக்கத்தில் கொட்டிப் பத்து நிமிடம் எண்ணுங்கள்: மண்புழு, கறையான், மரவட்டை, பூரான்.

குளிர்நாட்டுக் கையேடுகளில் "இத்தனை புழு இருந்தால் நல்ல மண்" என்று ஒரு கணக்கு இருக்கும். கடலோர மணலுக்கு அது சரிவராது. ஒரே வளவின் இரண்டு குழிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் அடியில் கிடக்கும் ஈரச் சருகு ஒன்றை மெதுவாகத் தூக்குங்கள். எங்கள் மாவிலையில் நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருந்தது. அதிலிருந்து வெள்ளை நூல்போலப் பங்கசு (பூஞ்சணம்) இறங்கி மணலைப் பிடித்திருந்தது. இலையைத் தூக்கியபோது ஒரு சின்ன மணல் கட்டியும் கூடவே தொங்கிக்கொண்டு வந்தது. முற்றத்து மணலை அள்ளினால் விரலிடுக்கால் ஓடிவிடும். பிள்ளைகள் இரண்டையும் கையில் வைத்துப் பார்க்கட்டும், நீங்கள் அவசரப்பட்டு விளக்க வேண்டாம்.

முடிந்ததும் மண்ணை நிரப்பி, புழுக்களை விட்டு, சருகால் மூடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

4. ஒரு மூலையை விடுங்கள்

காலையில் கூட்டி, பின்னேரம் சருகை எரிப்பது நம் ஊர் வழக்கம். மணல் மண்ணுக்குக் கிடைக்கிற முக்கியமான சாப்பாடு அந்தச் சருகுதான். அதை எரிப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வளவு முழுக்க விடச் சொல்லவில்லை. பாம்புப் பயம் நியாயமானது. வீட்டுக்கும் நடைபாதைக்கும் தள்ளி ஒரு மூலை போதும். அடுத்த மாரியில் அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள்.

பின்னர் சேர்த்தது: வவுணதீவிலிருந்து ஒருவர், வயல் மண்ணில் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், அங்கே குழியே தேவையில்லை. உழவு மெசினுக்குப் பின்னால் இறங்கும் உண்ணிக்கொக்குகளை எண்ணுங்கள். நெல்லைத் தின்னும் தூக்கணாங்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிதான் கொண்டுபோய்க் கொடுக்கும் என்பதையும் வயலில் வைத்தே சொல்லுங்கள். மருந்தடித்த வயலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். எலிக்காய்ச்சல் உள்ள இடம் என்பதால் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் விட வேண்டாம்.

இன்னொன்று: பறவை வரவில்லையென்று இரண்டு பேர் அரிசி தூவியிருக்கிறார்கள். தூவாதீர்கள். அரிசிக்கு வரும் பறவை அரிசி கிடக்கும் இடத்தைத்தான் காட்டும். அடுத்த சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் வெள்ளென வந்து இருந்து பாருங்கள்.