ஹெம்ப் விதை: பாத்தியிலிருந்து பால்வரை

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் தப்பு நடப்பதே இங்கேதான். 'சணல் விதை' என்று கேட்டால் மூன்று வெவ்வேறு செடிகளின் விதை கைக்கு வரலாம். சாக்கு நெய்யப் பயன்படும் சணலின் விதையில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. பசுந்தாள் உரத்துக்குப் போடும் சணப்பை, கிலுகிலுப்பை இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்து விதைகளில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. இரண்டையும் தின்னவே கூடாது. நாம் பேசுவது ஹெம்ப், அதாவது கன்னாபிஸ் சட்டைவா செடியின் விதையை. 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், முட்டை வடிவம், சாம்பல் கலந்த பழுப்பு நிறம், மேலே வலை பின்னினாற்போல மெல்லிய கோடுகள். சணப்பை விதை சிறுநீரக வடிவில் கருமையாக, வழவழவென்று இருக்கும். உள்ளங்கையில் நாலு விதையை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கஞ்சாவும் இதே செடியினம்தான். உணவுக்கும் நாருக்கும் வளர்க்கும் ரகங்களில் போதை தரும் டி.எச்.சி. மிகக் குறைவு. பல நாடுகளில் உலர்ந்த எடையில் 0.3 சதவீதம் என்பது சட்டத்தின் உச்சவரம்பு. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் உரிமம் வாங்காமல் ஒரு செடிகூட வைக்க முடியாது. 'நம்முடையது போதை இல்லாத ரகம்' என்பது காவல்துறையிடம் பதில் ஆகாது. எனவே உரிமம் முதலில், விதை பிறகு. உரிமம் கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள் சாகுபடியைத் தாண்டி நேராக 'உமி நீக்குவது' பகுதிக்குப் போகலாம். கடையில் விதை வாங்குகிறவர்களுக்கும் அங்கிருந்து எல்லாம் பொருந்தும்.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

உமி நீக்கிய பருப்பு 30 கிராமில், அதாவது மூன்று மேசைக்கரண்டியில், ஏறக்குறைய 9.5 கிராம் புரதமும் 14.5 கிராம் கொழுப்பும் 210 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன. துத்தநாகம், பாஸ்பரஸ், மாங்கனீசும் நன்றாகவே உண்டு. கொழுப்பில் ஒமேகா-6, ஒமேகா-3 இரண்டும் சுமார் 3:1 விகிதத்தில் இருக்கும். புரதத்தின் பெரும்பகுதி எடெஸ்டின். எளிதில் செரிக்கும். லைசின் என்ற அமினோ அமிலம் மட்டும் கொஞ்சம் குறைவு. பருப்பு வகைகளோடு சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் குறையும் தீரும். கால்சியத்துக்காக இதை நம்ப வேண்டாம், அது இதில் சொற்பம்.

விதை தேர்வு

சாப்பிட விற்கும் விதையை விதைக்காதீர்கள். முளைக்கக் கூடாதென்றே பல நாடுகளில் அதைச் சூடேற்றி விற்கிறார்கள். முளைத்தாலும் என்ன ரகம் என்று சொல்ல முடியாது. சான்று பெற்ற விதையை வாங்குங்கள், அதுவும் கடந்த பருவத்தில் எடுத்ததாக இருக்கட்டும். எண்ணெய் விதை என்பதால் முளைப்புத் திறன் சீக்கிரம் சரிந்துவிடும். 50 விதைகளை ஈரத்துணியில் மடித்து ஐந்து நாள் வைத்துப் பாருங்கள். 40-க்குக் குறைவாக முளைத்தால் அதை வைத்துப் பாத்தி போடாதீர்கள்.

ரகம் விஷயத்தில் எதிர்பாராத சிக்கல் ஒன்று உண்டு. ஹெம்ப் பகல் நீளம் பார்த்துப் பூக்கும் செடி. பகல் சுமார் 14 மணி நேரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான ரகங்கள் பூக்கத் தொடங்கும். குளிர்நாடுகளில் உருவான ரகத்தை நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் விதைத்தால், செடி முழங்கால் உயரம்கூட எட்டாமல் பூத்து, நாலு விதை வைத்துவிட்டு ஓய்ந்துவிடும். உரத்தையோ தண்ணீரையோ குறை சொல்லிப் பயனில்லை. அத்தகைய இடங்களுக்குக் குறைந்த அட்சரேகைக்கென்றே தேர்ந்த ரகம் வேண்டும், அதையும் ஆண்டின் நீண்ட பகல்களில் விதைக்க வேண்டும். மற்ற இடங்களில் விதைக்காக ஃபினோலா, எக்ஸ்-59, சி.ஆர்.எஸ்.-1 போன்றவை நன்றாக வரும். இவற்றில் ஃபினோலா குட்டை ரகம், பகல் நீளத்தை அதிகம் பார்க்காமல் பூக்கும். சிறிய இடத்துக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். ஆளுயரத்தைத் தாண்டும் நார் ரகங்களைக் கையால் அறுவடை செய்வது வீண் சிரமம்.

விதைப்பு: 10 சதுர மீட்டர் கணக்கு

விதை 35 கிராம், மக்கிய தொழுவுரம் 25 கிலோ, வரிசை இடைவெளி 18 சென்டிமீட்டர், ஆழம் 2 சென்டிமீட்டர். மண்ணின் பி.எச். 6 முதல் 7.5-க்குள் இருக்கட்டும். மண்ணின் சூடு 10 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் விதைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நெருக்கமாகத் தெரிந்தாலும் செடிகளைக் கலைக்க வேண்டாம். சதுர மீட்டருக்கு 100 செடிக்குமேல் நின்றால்தான் நிழல் விழுந்து களை அடங்கும். களைக்கொல்லி இல்லாமல் ஹெம்ப் வளரும் என்று சொல்வதெல்லாம் இந்த நெருக்கத்தை நம்பித்தான்.

முதல் மூன்று வாரம் நீர் தேங்கவே கூடாது. ஒரே நாள் வேர் மூச்சுமுட்டினாலும் நாற்று மஞ்சளாகி, அதே உயரத்தில் நின்றுவிடும், பிறகு தேறாது. களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி போடுங்கள். செடி முழங்கால் உயரத்துக்கு வந்தபின் வேர் ஆழமாக இறங்கிவிடும், கவலை குறையும். தழைச்சத்தை மட்டும் நிறையவே கேட்கும். இலை வெளுத்தால் பூக்கும் முன்பே மேலுரம் கொடுத்துவிடுங்கள். சூரியகாந்தி, பீன்ஸ், கடுகு நின்ற இடத்தில் உடனே இதைப் போட வேண்டாம். வெண்பூஞ்சை அழுகல் அங்கிருந்து ஒட்டிக்கொள்ளும்.

பூக்கும்போது ஆண் செடிகளைப் பிடுங்காதீர்கள். இணையத்தில் கன்னாபிஸ் பற்றித் தேடினால் கிடைக்கும் அறிவுரையெல்லாம் ஆண் செடியை ஒழிக்கச் சொல்லும். அது போதைக்காக வளர்ப்பவர்களின் முறை. நமக்கு வேண்டியது விதை, மகரந்தம் இல்லாமல் விதை இல்லை. ஆண் செடிகள் காற்றில் மகரந்தத்தை உதிர்த்தபின் தாமாகவே காய்ந்து சாயும். பயந்துவிட வேண்டாம், அது நோயல்ல.

விதை பால் பிடிக்கும் நாளிலேயே வலை கட்டிவிடுங்கள். பறவைகள் இரண்டே நாளில் பாத்தியைக் காலி செய்துவிடும். பொம்மை, பளபளக்கும் நாடா எதுவும் நிற்காது. வலை ஒன்றுதான் வழி.

அறுவடை: எல்லாம் கெட்டுப்போகும் இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். பயிர் நன்றாக விளைந்தும் சாப்பிட முடியாத விதை கிடைப்பது பெரும்பாலும் இங்கே நடக்கும் பிழையால்தான்.

கதிரில் விதைகள் அடியிலிருந்து நுனிக்கு முற்றிக்கொண்டு போகும். நுனி முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிவிதை மண்ணில் கொட்டிவிடும். கதிரின் நடுவில் ஒரு விதையை எடுத்துப் பல்லால் கடித்துப் பாருங்கள். பால் வந்தால் நாள் இருக்கிறது. மாவாக நசுங்கினால் இன்னும் ஒரு வாரம். 'டக்'கென்று உடைந்து, உள்ளே வெள்ளைப் பருப்பு முழுதாகத் தெரிந்தால் முற்றிவிட்டது. பத்தில் ஏழு விதை இப்படி இருந்தால் அன்றே அறுத்துவிடுங்கள். குட்டை ரகங்களில் விதைத்த 100 முதல் 120 நாளில் இந்த நிலை வரும். விதையை மூடிய பச்சை உறை காய்ந்து பிளந்து, வரிக்கோடு கண்ணுக்குத் தெரிவதும் அடையாளம். காலையில் லேசான பனி ஈரம் இருக்கும்போது அறுத்தால் உதிர்வது குறையும்.

அறுத்த கதிரைக் குவிக்கவோ மூட்டை கட்டவோ கூடாது. கதிரில் இன்னும் பச்சை இலை ஈரம் இருக்கும். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் மூன்று நான்கு மணி நேரத்திலேயே கதகதவென்று இருப்பது தெரியும். அந்தச் சூட்டில்தான் பூஞ்சை பிடிக்கிறது, எண்ணெய் காறத் தொடங்குகிறது. பிறகு எத்தனை நாள் காயவைத்தாலும் அந்த வாடை போகாது. துணி விரித்து, ஒரு கதிரின் மேல் இன்னொன்று ஏறாமல் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். சுள்ளென்ற வெயிலும் அடுப்பும் வேண்டாம். 40 டிகிரிக்குமேல் சூடு போகக்கூடாது.

இரண்டு மூன்று நாளில் கதிர் நொறுங்கும் பதத்துக்கு வரும். கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தேயுங்கள், பிசின் கையில் அப்பும். காலால் மிதிப்பதும் தடியால் ஓங்கி அடிப்பதும் வேண்டாம். ஓடு கீறிய விதை முதலில் காறும், பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். 5 மில்லிமீட்டர் சல்லடையில் தண்டும் இலையும் நிற்கும், 2 மில்லிமீட்டர் சல்லடையில் தூசியும் குருணையும் இறங்கும். பிறகு முறத்தில் புடைத்துப் பதரை நீக்குங்கள். நன்றாகப் புடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விதைக்குள் டி.எச்.சி. கிடையாது. இருக்கும் சுவடெல்லாம் ஓட்டில் ஒட்டிய உறைத்துகளும் பிசினும்தான்.

சுத்தம் செய்த விதையை 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, நாளுக்கு நாலு தடவை கிளறி மறுபடி உலர்த்துங்கள். ஈரம் 8, 9 சதவீதத்துக்கு வர வேண்டும். மானி இல்லாவிட்டால், கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி போட்டு மூடி ஒரு நாள் வையுங்கள். உட்புறம் பனித்தால் விதையை மீண்டும் பரப்ப வேண்டும்.

10 சதுர மீட்டரில் 600 கிராம் முதல் ஒரு கிலோ வரை கிடைத்தால் நல்ல விளைச்சல்.

உமி நீக்குவது

வீட்டில் முழுமையாக உமி நீக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் பாதி வேதனை குறையும். ஆலைகளில் விதையைச் சுழற்றிச் சுவரில் மோதவைத்து உடைக்கிறார்கள். வீட்டு இயந்திரம் நசுக்குகிறது. பருப்பு மெத்தென்று எண்ணெய் நிறைந்திருப்பதால் உமியோடு அப்பிக்கொள்கிறது. முயன்று பார்க்க விரும்பினால், விதையை ஓர் இரவு உறைநிலைப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்ததும் மிக்சியில் கால் ஜாடி அளவு மட்டும் போட்டு, ஒரு விநாடிச் சுற்றாக ஐந்தாறு சுற்று விட்டு, சலித்துப் புடைக்கலாம். குளிரில் பருப்பு இறுகியிருப்பதால் உமி கொஞ்சம் தனியாக வரும். தொடர்ந்து ஓட்டினால் பச்சைநிற வெண்ணெய்தான் மிஞ்சும்.

என் கருத்து: சொந்த விதையை முழு விதையாகவே பயன்படுத்துங்கள், பருப்பு வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். முழு விதைக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

வறுப்பது: அலசி வடித்த விதையை வெறும் வாணலியில் சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். முதல் பொரிச் சத்தம் கேட்டதும் இறக்கிவிடுங்கள். உப்புத் தூவி மென்று தின்னலாம், பொடித்தும் தூவலாம்.

பால்: முழு விதை 100 கிராமை அலசி, 8 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, 600 மில்லிலிட்டர் புதுத் தண்ணீர் விட்டு அரைத்து, கெட்டித் துணியில் பிழியுங்கள். பருப்பாக இருந்தால் 80 கிராமுக்கு 700 மில்லிலிட்டர் தண்ணீர், ஊறவும் வடிக்கவும் தேவையில்லை, ஒரு நிமிடம் அரைத்தால் போதும். குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். அடியில் தெளிந்தால் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள், குலுக்கிக் குடியுங்கள். கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். கொதிநிலைக்கு முன்பே எடெஸ்டின் திரண்டு மேலே மிதக்கும். குடிக்கும் பாலுக்கு அது கேடு, ஆனால் அந்தத் திரளை அள்ளித் துணியில் கட்டி எடை வைத்தால் டோஃபு மாதிரி கட்டி கிடைக்கும். எலுமிச்சையோ உப்போ சேர்த்துத் திரிக்கத் தேவையே இல்லை.

ஹெம்ப் விதை எண்ணெய் 165 டிகிரி வாக்கிலேயே புகையும். அதைப் பொரிக்கப் பயன்படுத்தாமல் ஆறிய உணவின் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள்.

முழு விதை காற்றுப்புகாத டப்பாவில், குளிர்ந்த இருட்டில் ஓராண்டு நிற்கும். பருப்பைத் திறந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். மெழுகு வண்ணமோ மீனோ போல வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இரண்டு. 'வயிறு இளகுகிறதே?' முதல் நாளே நாலைந்து கரண்டி சாப்பிட்டால் அப்படித்தான் ஆகும். ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மூன்றாக்குங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் அது ஒவ்வாமை, உடனே நிறுத்துங்கள்.

'பால் கசக்கிறதே?' பெரும்பாலும் முழு விதையை அலசாமல் ஊறவைத்ததுதான் காரணம். ஓட்டிலிருக்கும் பிசின் நீரில் இறங்கிவிடுகிறது. ஊறவைக்கும் முன் குளிர்ந்த நீரில் மூன்று தடவை தேய்த்து அலசுங்கள், நீர் கலங்காமல் வரும்வரை. அப்படியும் கசந்தால் ஒரு விதையைப் பிளந்து உள்ளே பாருங்கள். பருப்பு வெள்ளையாக இல்லாமல் மஞ்சளோடியிருந்தால் விதையே காறிவிட்டது, அலசிப் பயனில்லை.