எட்னா எரிமலையின் உள்ளமைப்பை அளந்தறியும் முறை

சிசிலித் தீவின் கிழக்குக் கரையோரம் 3,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் எட்னாவை ஆராயப் புறப்படும் மாணவர், அடியில் பானை போன்றதோர் அறை, அதிலிருந்து நேராக மேலேறும் குழாய் என்று பாடநூல் வரைந்து காட்டிய படத்தை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதிர்வலைகளைக் கொண்டு உருவாக்கிய படங்களில், எட்னாவின் தென்கிழக்குப் பகுதிக்குக் கீழே அலைகள் வேகமாக ஓடுகின்ற, அடர்ந்த பாறைத்திரள் ஒன்றே பெரிதாகத் தெரிகிறது. முன்னொரு காலத்தில் மேலேறும் வழியிலேயே குளிர்ந்து இறுகிப்போன பாறைக்குழம்பின் மிச்சம் அது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆகவே குழம்பு எந்தெந்த ஆழத்தில் தங்குகிறது, எவ்வளவு வாயுவோடு தங்குகிறது என்பதைக் கேள்வியாக வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் குறைந்தது இரண்டு விளக்கங்கள் உண்டு என்பதால், முதற்கருவி விட்டுவைக்கும் ஐயத்தைத் தீர்க்கக்கூடியதாகவே இரண்டாம் கருவியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வேலையை அதிர்வுகளிலிருந்து தொடங்கலாம். மலையைச் சுற்றி நிலநடுக்கமானிகளை நிறுவி, சிறு நிலநடுக்கங்களிலிருந்து முதலில் வரும் பி அலையும் (அழுத்த அலை) அடுத்து வரும் எஸ் அலையும் (குறுக்கலை) வந்துசேரும் நேரங்களைத் திரட்டினால், அவை கடந்துவந்த பாறையின் வேகத்தைக் கணக்கிட முடியும். எஸ் அலை திரவத்துக்குள் செல்லாது. எனவே குழம்போ நீரோ கலந்த பாறையில் அதன் வேகம் குறைந்து, பி வேகத்துக்கும் எஸ் வேகத்துக்கும் உள்ள விகிதம் உயரும். வாயு நிறைந்த பாறையிலோ பி அலையும் தளர்வதால் அந்த விகிதம் இறங்கும். படத்தை நம்புவதற்கு முன் சதுரங்கப் பலகைச் சோதனையைச் செய்தாக வேண்டும்: வேகம் மாறி மாறி அமைந்த செயற்கைக் கட்டங்களை அதே அலைப்பாதைகளுக்குக் கொடுத்து, அவை திரும்பி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கட்டங்கள் கலைந்து தெரியும் பகுதியை வெறுமையாக விட்டுவிடுவதே நேர்மை. பலர் அங்கும் வண்ணம் பூசிவிடுகிறார்கள்.

அடுத்தது நிலத்தின் வீக்கம். ஜப்பானிய ஆய்வாளர் மோகி 1958-இல், சகுராஜிமா, கிலாவேயா ஆகிய எரிமலைகளின் அளவீடுகளைக் கொண்டு பயன்படுத்திக் காட்டிய, வீக்கத்தின் மூலத்தை ஆழத்திலுள்ள ஒரு புள்ளியாகக் கொள்ளும் புள்ளிமூல மாதிரி இன்றும் முதற்கணக்குக்குப் போதுமானது. அதன்படி, வீக்கத்தின் மையத்திலிருந்து நிலையம் இருக்கும் தூரத்தை, அந்நிலையம் உயர்ந்த அளவுக்கும் வெளிப்புறமாக நகர்ந்த அளவுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் மூலத்தின் ஆழம் கிடைக்கும். மையத்திலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஜிபிஎஸ் நிலையம் 4 செ.மீ. உயர்ந்து 3 செ.மீ. வெளியே நகர்ந்திருந்தால், ஆழம் 4 கிலோமீட்டர். எட்னாவில் ஒரு சிக்கல் உண்டு. அதன் கிழக்குச் சரிவு முழுவதுமே அயோனியக் கடலை நோக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வழுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நகர்வைக் கழிக்காமல் கணக்கிட்டால் கிடைமட்ட நகர்வு மிகுந்து, மூலம் உள்ளதைவிட ஆழம் குறைந்ததாகத் தோன்றும்.

வீக்கத்துக்குக் காரணம் புதிதாக வந்த குழம்பா, வெறும் வாயு அழுத்தமா என்பதை ஜிபிஎஸ் சொல்லாது. அதற்கு ஈர்ப்புமானி தேவை. நிலையம் 1 மீட்டர் உயர்ந்தால் ஈர்ப்பு ஏறத்தாழ 309 மைக்ரோகால் (ஈர்ப்பு மாற்றத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) குறையும்; 4 செ.மீ. உயர்வுக்கு இது 12 மைக்ரோகால். அளந்த குறைவும் அதுவே என்றால் உள்ளே நிறை சேரவில்லை. குறைவு அதைவிடச் சிறியதாக இருந்தால் நிறை சேர்ந்திருக்கிறது. ஆனால் 10 சதவீதத் துளைவெளி கொண்ட பாறையில் நிலத்தடி நீர்மட்டம் 1 மீட்டர் ஏறினாலே ஈர்ப்பு 4 மைக்ரோகால் கூடிவிடும். கையில் தூக்கிச் செல்லும் கருவியின் களப்பிழையும் 5 முதல் 10 மைக்ரோகால் வரை போகும். ஆகவே அளவீட்டுச் சுற்றைத் தொடங்கிய நிலையத்துக்கே திரும்பி வந்து முடிப்பதும், கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறித்துவைப்பதும் கட்டாயம்.

மின்தடை அளவீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: உருகிய பாறை, உப்புநீர், வெந்நீரால் களிமண்ணாக மாறிய பாறை ஆகிய மூன்றுமே மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், பிற சான்றின்றி அதை மட்டும் வைத்துக் குழம்பை அடையாளம் காணக் கூடாது.

இங்கேதான் வேதியியல் கைகொடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மிக ஆழத்திலேயே குழம்பிலிருந்து பிரிந்துவிடும். கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் குழம்பு மேற்பரப்பை நெருங்கிய பிறகே பிரியும். ஆகவே உச்சிப் புகையில் இவ்விரண்டின் விகிதம் உயர்ந்தால், ஆழத்திலிருந்து புதுக்குழம்பு வருவதாகக் கொள்ள இடமுண்டு. 2006-இல் எட்னாவின் வெடிப்புகளுக்கு முன் இத்தகைய உயர்வு பதிவானது. புகையிலுள்ள வாயுக்களை அளக்கும் உணரிப்பெட்டி காட்டும் அளவிலிருந்து, காற்றில் ஏற்கெனவே பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்காக உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கழிக்க மறக்கக் கூடாது. நிலத்தடி நீர் கந்தக வாயுவைக் கரைத்துக்கொண்டாலும் விகிதம் பொய்யாக உயரும் என்பதால், புற ஊதா நிறமாலைமானியை வண்டியில் ஏற்றிப் புகைக்குக் கீழே குறுக்காக ஓட்டி, வெளியாகும் கந்தக டை ஆக்சைடின் மொத்த அளவையும் கணக்கிட வேண்டும். இதில் காற்றின் வேகத்தில் நேரும் பிழை அப்படியே விடையில் ஏறிவிடும்.

மலையடிவாரத்தில் பட்டர்னோ ஊரருகே சலினெல்லே என்னும் சேற்றுக் குமிழிகள் உள்ளன. படிவுப் பாறையின் மீத்தேன் கலந்த வாயு வரும் அந்த இடத்திலும் ஹீலியம் ஆழத்துச் செய்தியைக் கொண்டுவருகிறது. ஹீலியம்-3க்கும் ஹீலியம்-4க்கும் உள்ள விகிதத்தைக் காற்றின் விகிதத்தோடு ஒப்பிட்டால், மேலோட்டுப் பாறையில் அது காற்றைப்போல் 0.02 மடங்கை ஒட்டியும், நடுக்கடல் முகடுகளின் மூடகப் பாறையில் (மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) 8 மடங்கை ஒட்டியும், எட்னாவில் பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் அருகிலும் இருக்கும். மாதிரி எடுக்க, குமிழி எழும் இடத்தில் புனலைக் கவிழ்த்து, குழாயில் இருந்த காற்று முழுதும் வெளியேறும்வரை வாயுவை ஓடவிட்டு, பிறகு செம்புக்குழாயின் இரு முனைகளையும் நசுக்கி மூட வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் வழியே ஹீலியம் ஊடுருவும் என்பதால் கண்ணாடிக் குடுவை இதற்கு உதவாது. ஆய்வகத்தில் நியானையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்; ஹீலியம்-4க்கும் நியான்-20க்கும் உள்ள விகிதம் காற்றுக்குரிய 0.32-ஐ நெருங்கினால், நீங்கள் எடுத்துவந்தது பெரும்பாலும் காற்றே.

கடைசியாகப் பாறை. புதிய சாம்பலிலுள்ள ஆலிவின் என்னும் கனிமத்தின் படிகங்களுக்குள் சிக்கி, கண்ணாடியாக உறைந்த குழம்புத் துளிகளில் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்தால், துளி சிக்கியபோது இருந்த அழுத்தம் தெரியும். 200 மெகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் பாறையின் எடை. இந்த ஆழத்தை வீக்கக் கணக்கோடு ஒப்பிடுமுன், எங்கிருந்து அளந்த ஆழம் என்பதைப் பார்க்க வேண்டும். எட்னாவின் உச்சியிலிருந்து 4 கிலோமீட்டர் என்பது கடல்மட்டத்துக்குக் கீழே 1 கிலோமீட்டர்கூட இல்லை. எல்லா ஆழங்களையும் கடல்மட்டத்துக்கு மாற்றி ஒரே குறுக்குவெட்டில் வரைந்த பிறகும் முரண்பாடு எஞ்சினால், அதற்கு ஏற்ற இரண்டு மூன்று மாதிரிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் கணிப்புகள் எந்த இடத்தில் மிக அதிகமாக வேறுபடுகின்றனவோ அங்கே அடுத்த நிலையத்தை நிறுவ வேண்டும்.