நெற்றியில் ஒட்டும் மின்கருவி: கடுமையான ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படுத்தும் முறை

புருவத்தின் உள்முனையிலிருந்து விரலை மெல்ல வெளிப்புறமாக நகர்த்திக்கொண்டு போனால், கண்குழியின் மேல்விளிம்பில் ஓரிடத்தில் சிறு பள்ளம் ஒன்று தட்டுப்படும். அதைச் சற்று அழுத்தினால் மந்தமான கூச்சம் ஒன்று நெற்றியில் மேல்நோக்கி ஏறுவதை உணரலாம். முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்கு எடுத்துச் செல்லும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளையொன்று அங்கேதான் வெளிப்பட்டு, தோலுக்கு மிக அருகில் நெற்றியெங்கும் பரவுகிறது. மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியின் வேதனையும் பெருமளவு இந்த நரம்பின் வழியாகவே மூளையைச் சென்றடைகிறது. ஆகவே அந்த நரம்பை வெளியிலிருந்து அளவான மின்துடிப்புகளால் தூண்டி வலியைத் தணிக்கும் கருவிகள் உருவாயின. அவற்றுள் நன்கு அறியப்பட்டது பெல்ஜியத்தில் உருவான செஃபாலி. ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014 மார்ச்சில் அதற்கு ஒப்புதல் வழங்கியது.

தலைவலிக்கு மின்சாரம் என்பது புதிய எண்ணமன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைத்து, அந்த இடம் மரத்துப்போனதும் எடுத்துவிடும்படி எழுதியிருக்கிறார். இன்றைய கருவியின் மின்னோட்டம் 16 மில்லியாம்பியரைத் தாண்டாது என்பதால், அதை அணிய அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் எல்லோரும் அணியலாம் என்று பொருளில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், தலையில் உலோகத் தகடோ மின்கருவியோ வைக்கப்பட்டவர்களும் இதைத் தொடவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அதைவிட முதன்மையானது, வந்திருப்பது ஒற்றைத் தலைவலிதான் என்று ஒரு நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டும் என்பது. இடி விழுந்ததுபோல் சில நொடிகளில் உச்சத்தைத் தொடும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் தளர்வோ பேச்சுக் குழறலோ உடன்வரும் தலைவலி, தலையில் அடிபட்ட பின் வரும் தலைவலி, ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாகத் தோன்றும் தலைவலி ஆகியவற்றுக்குக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. அப்போது போக வேண்டிய இடம் மருத்துவமனை.

கருவி சரியாக வேலை செய்வதும் செய்யாததும் பெரும்பாலும் நெற்றியைத் துடைப்பதில்தான் தொடங்குகிறது. நம் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றிவரை இறங்கியிருக்கும். திருநீறு, குங்குமம், ஸ்டிக்கர் பொட்டின் பசை, முகப்பவுடர், வியர்வை என ஒவ்வொன்றும் தோலுக்கும், கருவியைத் தாங்கி நெற்றியில் ஒட்டும் ஜெல் பட்டைக்கும் இடையில் ஒரு படலமாக நிற்கும். பட்டையின் ஜெல் தோலில் முழுமையாகப் பதியாத இடத்தில், மின்னோட்டம் பதிந்திருக்கும் சிறு பரப்பில் குவிந்து ஊசிபோல் குத்தும். அதைத் தாங்க முடியாமல் கருவியே சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனவே நெற்றியைச் சோப்பிட்டுக் கழுவி, அல்லது ஆல்கஹால் தோய்ந்த துடைப்பானால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்பே பட்டையை எடுக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று முடியைப் பின்னால் வாரிக்கொண்டு, இரு புருவங்களுக்கும் சற்று மேலே, மூக்கின் நேர்கோட்டில் பட்டையின் நடுப்பகுதி அமையுமாறு வைத்து, நடுவிலிருந்து இரு ஓரங்களையும் நோக்கி விரலால் நீவி ஒட்ட வேண்டும். பட்டை மேலே ஏறிவிட்டாலோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாலோ மின்துடிப்பு இரு பக்க நரம்புகளுக்கும் சமமாகப் போய்ச் சேராது. வலி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலும் பட்டை நடுவில்தான் இருக்க வேண்டும்.

பட்டையின் நடுவிலுள்ள காந்தத்தில் கருவி தானாகவே ஒட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தியதும் முதலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றி, ஏறத்தாழ 14 நிமிடங்கள் வரை சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். இடையில் நெற்றி இறுகுவது போலவோ சிலருக்குக் கண்ணும் மூக்கும் கூசுவது போலவோ இருக்கும். எந்தக் கட்டத்தில் அது கூச்சம் என்ற நிலையைக் கடந்து வலியாக மாறத் தொடங்குகிறதோ, அதற்குச் சற்று முன்பே பொத்தானை மீண்டும் ஒருமுறை அழுத்தினால் அதே அளவில் நின்றுவிடும். முதல் நாளே உச்ச அளவைத் தாங்கிக்காட்ட வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். சில நாள்களில் தோலும் நரம்பும் பழகிவிடும். தாங்கும் அளவு தானாகவே உயரும்.

கருவியில் இரண்டு முறைகள் உள்ளன. தலைவலி வந்துவிட்டபோது பயன்படுத்துவது 60 நிமிடம் ஓடும். கண்முன் மின்னல்கோடுகள் தெரிவது, குமட்டல், வெளிச்சம் கூசுவது போன்ற முன்னறிகுறிகள் தோன்றிய உடனே, இருட்டான அறையில் படுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. இந்த முறையை ஆராய்ந்த, 2019இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேர முடிவில் உண்மைக் கருவி அணிந்தவர்களுக்கு வலி சராசரியாக 59 சதவீதமும், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட போலிக் கருவி அணிந்தவர்களுக்கு 30 சதவீதமும் குறைந்தது. இரண்டாவது, தலைவலி வராத நாள்களிலும் தினமும் 20 நிமிடம் அணியும் தடுப்பு முறை. பெல்ஜியத்தில் 67 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாதத்தில் தலைவலி நாள்கள் மாதத்துக்கு ஏறத்தாழ 7லிருந்து 5 ஆகக் குறைந்தன; போலிக் கருவிக் குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாதத்தில் இரண்டு நாள் என்பது, இருட்டறையில் வாந்தியோடு கிடந்தவர்களுக்குச் சிறிய விடுதலை அன்று. தடுப்பு முறை சிலருக்கு உறக்கத்தை வரவழைக்கும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அணிவதே பொருத்தம். அணிந்துகொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

இந்த இரண்டாவது முறையில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். கருவியை வாடகைக்கு எடுத்த 2,313 பேரைக் கொண்டு நடந்த ஒரு கணக்கெடுப்பில், சற்றே பாதிக்கு மேற்பட்டோர் நிறைவடைந்து அதை விலைக்கு வாங்கிக்கொண்டனர். திருப்பிக் கொடுத்தவர்களின் கருவிகளைச் சோதித்தபோது, அவர்கள் தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நேரத்தில் சராசரியாகப் பாதியளவுகூடப் பயன்படுத்தவில்லை என்பதும், சிலர் ஒருமுறைகூட இயக்கவில்லை என்பதும் தெரிந்தது. பல் துலக்குவது போல ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து அணியும் பழக்கத்தை மூன்று மாதம் கடைப்பிடிக்காமல் பலன் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது முறையன்று.

நெற்றியில் எதையும் ஒட்டத் தோல் ஒத்துழைக்காதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. இஸ்ரேலில் உருவாக்கப்பட்டு, இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தால் கொண்டுவரப்பட்ட நெரிவியோ என்னும் கருவி மேற்கையின் வெளிப்புறத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அணியப்படுகிறது. தலையில் வலிக்கும்போது கையில் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஓரிடத்தில் கொடுக்கும் வலுவான தூண்டல், மூளைத்தண்டில் உள்ள வலியடக்கும் அமைப்பைத் தட்டி எழுப்பி வேறோர் இடத்தின் வலியையும் குறைக்கும் என்பதே அதன் அடிப்படை. கைபேசிச் செயலி வழியாக அளவைக் கூட்டி, வலிக்காத ஆனால் நன்றாக உணரத்தக்க நிலையில் 45 நிமிடம் வைத்திருக்க வேண்டும். தலைவலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இயக்கிவிடுவது இன்றியமையாதது.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் டென்ஸ் எனப்படும் மலிவான மின்தூண்டல் கருவியின் பட்டைகளை நெற்றியிலோ கன்னப்பொறியிலோ ஒட்டிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. அதன் மின்துடிப்பு தலைக்கென அளவிடப்பட்டதன்று. குறிப்பாகக் கழுத்தின் முன்பக்கத்தில் ஒட்டினால் குரல்வளைத் தசைகள் இறுகலாம், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரெனத் தாழலாம்.

ஒவ்வொரு முறை கழற்றிய பின்னும் பட்டையை அதன் பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி வைக்க வேண்டும். ஏறத்தாழ 20 முறைக்குள் பிடிப்பு போய்விடும், அப்போது மாற்றிவிட வேண்டும். நெற்றி சற்றுச் சிவப்பது இயல்பு. அரிப்போ கொப்புளமோ தோன்றினால் பட்டையின் பசை ஒவ்வாமல் போயிருக்கலாம் என்பதால் உடனே நிறுத்த வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளைத் தானாக நிறுத்தக் கூடாது. அதே வேளையில் ஒரு நோட்டில் தலைவலி வந்த நாள், கருவி அணிந்த நேரம், எடுத்த மாத்திரை ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ சில மாதங்கள் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மூன்று மாத முடிவில் அந்த நோட்டை மருத்துவரின் மேசையில் விரித்து வைத்தால், கருவியைத் தொடர்வதா, மாத்திரையைக் குறைப்பதா என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யலாம்.