இட்செகிரிப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில், வாரி நகரத்தைச் சுற்றி ஆறும் கழிமுகமும் சதுப்புக்காடுமாக இருக்கும் மண்ணில் வாழ்பவர்கள் இட்செகிரி மக்கள். அவர்கள் பெயரை, உதாரணமாக ஒரிட்செடிமெயின் என்பதை, முதல்முறை பார்த்தால் எங்கே நிறுத்திப் படிப்பது என்றே தெரியாது. அது முழு வாக்கியம் என்று புரிந்துவிட்டால் பிரிக்கத் தானாக வரும்.

முதலில் ‘ஒரிட்செ’யைத் தேடுங்கள், அது கடவுள். ‘ஒமா’ என்றால் பிள்ளை. அப்புறம் ‘மி’ வருகிறதா பாருங்கள், அது ‘என்’. எயின் என்றால் பின்புறம். இப்போது ஒரிட்செடிமெயின் என்று திரும்பப் படியுங்கள்: கடவுள் என் பின்னால் நிற்கிறார். ஒரிட்செக்புபெமி, என் வேண்டுதலைக் கடவுள் கேட்டார் (இதில் வரும் ‘க்பு’வில் உதட்டை மூடிக்கொண்டே தொண்டையிலிருந்தும் ஒலியை எழுப்ப வேண்டும், இரண்டும் ஒரே நொடியில்). ஒமாட்சொலா, பிள்ளைதான் செல்வம். எயிடெமி, இது என்னுடையது. டெமிசன், என்னுடையது நல்லது. இந்த ‘என்’ யாருடையது என்று யோசித்துப் பாருங்கள், எனக்குக் கேட்பது பெற்றவரின் குரல்தான். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கி ‘இது என்னுடையது’ என்று சொன்ன சொல்லே அதற்குப் பெயராக நின்றுவிடுவது எனக்கு இன்னும் சிலிர்ப்பாக இருக்கிறது.

அன்றாடம் அழைப்பது பெரும்பாலும் வால் பகுதியைத்தான்: டிமெயின், க்புபெமி. எனவே சுருக்கப் பெயரைக் கேட்டவுடன் பொருள் தேடாதீர்கள், முழுப்பெயரைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் எழுவாயே அங்கேதான் இருக்கிறது. ‘ஒரிட்செ’ எப்போதும் முன்னால்தான் வரும் என்றும் இல்லை. இன்றைய வாரி மன்னர் அரியணை ஏறும் முன் ட்சொலா எமிகோ, அந்த ட்சொலாவின் முழு வடிவம் உடியெயினொரிட்செட்சொலா. கடவுள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

நைஜீரியாவின் பெரிய மொழிகளில் ஒன்றான யொருபா தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி, மொழிகள் அவ்வளவு நெருக்கம். அங்கே ஒமோ, இங்கே ஒமா. அதற்காக இவர்களை யொருபா என்று எழுதிவிடாதீர்கள், இவர்கள் தனி இனம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெனின் (இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய அரசு, பெனின் நாடு அல்ல) அரண்மனையிலிருந்து வந்த இளவரசர் கினுவாதான் வாரி அரசின் முதல் ஒலு, அதாவது மன்னர்.

ஆகவே அரச பெயர்களுக்கு மேலே சொன்ன முறை சரிவராது. 2021 ஆகஸ்ட் 21 அன்று முடிசூடிய ட்சொலா எமிகோ, ஒகியாமே மூன்றாம் அட்டுவாட்செ ஆனார். ஒகியாமே என்பது பெனினின் எடோ மொழியிலிருந்து வந்த பட்டம், நீரின் அரசர் என்று பொருள். முதல் அட்டுவாட்செயோ 1600களின் தொடக்கத்தில் போர்ச்சுகலில் படித்தவர், அவருக்கு டோம் டொமிங்கோஸ் என்ற ஞானஸ்நானப் பெயரும் உண்டு. 2013இல் அப்போதைய ஒலு, தன் கிறிஸ்தவ நம்பிக்கைக்காக ஒகியாமே பட்டத்தை விடப்போவதாக அறிவித்ததும் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், அவர் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். ஒரு சொல்லுக்காக அரண்மனை வாசலில் நின்றவர்கள் அவர்கள். அதனால் அவர்களில் ஒருவரைச் சந்தித்தால், பெயரை உங்கள் வசதிக்கு வெட்டாமல் முழுதாகச் சொல்லிப் பழகுங்கள், தப்பாக வந்தால் திருத்தச் சொல்லி இன்னொரு முறை சொல்லுங்கள்.