மருதமுனைத் தறியில் சிகானா பாணி: சிறு ஸ்ட்ரீட்வெயர் தொகுப்பு ஒன்றைச் சேர்ந்து செய்யும் முறை

சிகானா பாணி என்று தேடினால் முதலில் வருவது பெரிய வளையத் தோடு, கடும் நிற விளிம்பிட்ட உதடு, நெற்றியில் கட்டிய பந்தானா. இவற்றை அப்படியே எடுத்து மாட்டினால் மாறுவேடப் போட்டிக்குத்தான் உதவும். சிகானாக்கள், அதாவது அமெரிக்காவின் தென்மேற்கில் வளர்ந்த மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள், மலிவான வேலையுடுப்பை வாங்கினார்கள், தங்கள் அளவுக்குத் திருத்தினார்கள், மடிப்புக் கலையாமல் அயன் பண்ணினார்கள், பெயரையும் ஊரையும் மேலே எழுதிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். துணி சாதாரணம், முடிப்பு மிகக் கவனம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதற்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது, கஞ்சி உட்பட.

வெட்டுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள். 1940களின் லொஸ் ஏஞ்சலிஸில் பச்சூக்கா என அழைக்கப்பட்ட பெண்கள் விரல்நுனி வரை நீண்ட கோட்டும் முழங்கால் அளவுப் பாவாடையும் அணிந்து, முன்முடியை உயர்த்தி வாரினார்கள். 1942இல் போருக்காகக் கம்பளித் துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. தாராளமாகத் துணி போட்டுத் தைத்த உடுப்பு அதன்பின் தேசப்பற்றில்லாததாகப் பார்க்கப்பட்டது. 1943 ஜூனில் கடற்படைச் சிப்பாய்கள் அந்நகரத் தெருக்களில் ஸூட் சூட் என்ற அந்தத் தாராள உடுப்பை அணிந்த இளைஞர்களை அடித்து உடுப்பைக் கிழித்தார்கள். பிந்திய தசாப்தங்களில் வந்தவை காக்கிக் காற்சட்டை, வெள்ளை பெனியன், மேல் பொத்தானை மட்டும் பூட்டிய, பென்டில்டன் நிறுவனத்தின் கம்பளிக் கட்டச் சட்டை. ஓவியர் ஜூடித் பாகா 1976இல் செய்த 'லாஸ் திரேஸ் மரியாஸ்' என்ற படைப்பும், குவாடலூப் ரொசாலெஸ் 2015இல் இணையத்தில் தொடங்கிய குடும்பப் படத்தொகுப்பும் விளம்பரப் படங்களைவிடப் பல மடங்கு பயன் தரும். பார்க்கும்போது தோளின் தையல் எங்கே விழுகிறது, காற்சட்டை இடுப்பில் எந்த உயரத்தில் நிற்கிறது, அதன் கீழ்விளிம்பு சப்பாத்தில் எவ்வளவு படிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எடுக்கக் கூடாதவை சில. குவாடலூப்பே மாதா படம் அவர்களுக்கு வழிபாட்டுப் படம். 1966இல் கலிபோர்னியாப் பண்ணைத் தொழிலாளர் பேரணியில் முன்னே சென்ற கொடி அது. அதை விட்டுவிட்டுக் கண்ணகி அம்மனைப் போடலாமே என்று குழுவில் யாராவது சொல்வார்கள். வைகாசியில் சடங்கு நடக்கும் ஊரில் அம்மனை ரீசேர்ட்டின் முதுகில் அச்சிட்டு, அதோடு பஸ் சீட்டில் சாய்ந்து உட்கார வைப்பது சரியல்ல. 13, 14 என்ற எண்களும் கண்ணீர்த்துளிப் பச்சைகுத்தலும் அங்குள்ள தெருக் குழுச் சண்டைகளோடு சம்பந்தப்பட்டவை. சிவப்பு, நீலப் பந்தானாவுக்கும் அதே கதைதான். (தேர்தல் காலத்தில் இங்கேயும் நிறத்துக்கு அர்த்தம் வந்துவிடும், பழுப்பு, கடும் பச்சை, கருநாவல் நிறம் பாதுகாப்பு.) அங்கே நகரத்தின் தொலைபேசிக் குறியீட்டை உடுப்பில் எழுதும் வழக்கம் உண்டு. எங்களுக்கு 065 மட்டக்களப்பு, 067 கல்முனை, 063 அம்பாறை. இதைத் தாராளமாக எழுதலாம்.

ஆட்களும் ஒரு பக்கக் கடதாசியும்

ஐந்து பேர் போதும்: மாதிரி வெட்டத் தெரிந்த தையல்காரர், கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் ஒரு தறிக்காரர், எழுத்து வரைபவர், ஸ்கிரீன் அச்சடிப்பவர், படம் எடுப்பவர். எழுத்துக்குக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவக மாணவர்களையோ, பழைய பெயர்ப்பலகை வரைபவர் ஒருவரையோ கேளுங்கள். எங்கள் தெரிவு பலகை வரைபவர்தான், தூரத்திலிருந்து வாசிக்கும் எழுத்து அவர் கைக்குப் பழக்கம். முடிந்தால் ஒரு சிகானா ஓவியரை இணையத்தில் தொடர்புகொண்டு, காசு கொடுத்து, வரைவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குமுன் எழுத வேண்டியது: எழுத்து வடிவம் யாருக்குச் சொந்தம், எத்தனை பிரதி அடிக்கலாம், மீண்டும் அடித்தால் எவ்வளவு, லேபிளில் யார் பெயர், காசு எந்தத் தேதியில். இலங்கையில் பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுக்கும் நிற்கும் (2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம்). "எங்கட பொடியன்தானே" என்று விட்ட இடத்தில்தான் இரண்டாம் முறை அச்சடிக்கும்போது சண்டை வரும்.

எவ்வளவு

முதல் தொகுப்புக்கு 70 உருப்படி. தறிக் கட்டத்தில் மேற்சட்டை 14, அகலக் காற்சட்டை 12, எழுத்து அச்சிட்ட ரீசேர்ட் 20, சதுரத் துணி (பந்தானா) 24. பென்டில்டன் கம்பளிச் சட்டை இந்த வெயிலுக்குச் சரிவராது. அதன் இடத்தை மருதமுனைப் பருத்தி எடுக்கட்டும்.

மேற்சட்டை இரண்டு நீளம்: 27 அங்குலத்தில் எட்டு, 34 அங்குலத்தில் ஆறு. நீளமானது பச்சூக்கா கோட்டின் அளவு. உடல் மறைய உடுக்க விரும்புபவர்கள் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அதைத்தான் கேட்பார்கள், ஆகவே அளவு குறைத்துத் தைக்காதீர்கள். 36 அங்குல அகலத் துணியில் குட்டைக்கு 3 மீற்றர், நீளத்துக்கு 3.6 மீற்றர். கட்டம் பொருத்துவதற்கான கூடுதல் துணியும் அதில் அடக்கம். சோதனைக்கும் பாவின் (தறியில் நீளவாக்கில் பூட்டும் நூலின்) இரு முனையிலும் போகும் கழிவுக்கும் சேர்த்து 50 மீற்றர் சொல்லுங்கள்.

தறிக்காரக் காக்காவிடம் மூன்று நிறத்தில் மூன்று துணி கேட்டால் மூன்று பாவு பூட்ட வேண்டும், விலை ஏறும். ஒரே பாவில் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மூன்று துணி கிடைக்கும். சாரக் கட்டம் சிறியது. அதையே சட்டைக்குப் போட்டால் சாரத்தை வெட்டித் தைத்ததுபோல் இருக்கும். கட்டம் 3 முதல் 4 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வரட்டும்.

துணி வந்ததும் வெட்டாதீர்கள். 20 அங்குலச் சதுரத்தைக் குறித்து, குளிர்நீரில் இரண்டு முறை துவைத்து, நிழலில் காயவைத்து அளந்து பாருங்கள். ஒரு அங்குலம் குறைந்திருந்தால் 5 வீதம் சுருங்குகிறது, முழுத் துணியையும் முதலில் துவைத்தே ஆகவேண்டும். ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துச் சாயம் பாருங்கள். சாயம் விட்டால் உப்புத் தண்ணீர் நிறுத்தாது. நூலைத் திரும்பச் சாயமிடக் கொடுக்க வேண்டும், அல்லது அந்தத் துணியில் வெள்ளை சேர்க்காமல் விட வேண்டும்.

வெட்டும் தையலும்

மேற்சட்டைக்கு மார்புச் சுற்றளவைவிட 8 முதல் 9 அங்குலம் தாராளம், தோள் ஒன்றரை முதல் 2 அங்குலம் இறக்கம். ஆண்கள் மாதிரியை அப்படியே சிறிதாக்கினால் இடுப்பெலும்பில் பிடித்து முன்பக்கம் விரியும். மேல் பொத்தான் மட்டும் பூட்டும் சட்டையில் அது பளிச்சென்று தெரியும். பக்கத் தையலைக் கீழே ஒன்றரை அங்குலம் விரித்து வெட்டுங்கள். கட்டத்தை முன் இரு பக்கத்திலும் பையிலும் பொருத்துங்கள். கைகளில் பொருந்தாவிட்டால் பரவாயில்லை. தறித் துணி நெசவு தளர்ந்தது, கால் அங்குலத் தையல் விட்டால் இழை நழுவிப் பிரியும். ⅝ அங்குலம் விட்டு மடித்துத் தையுங்கள். பொத்தான் பட்டைக்குள் ஒட்டுத்துணி கட்டாயம்.

காற்சட்டைக்கு 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி கலந்த ட்வில், 240 முதல் 280 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்குக் கிராம்). டிக்கீஸ் என்ற வேலையுடுப்பு நிறுவனத்தின் 874 காற்சட்டையும் இதே கலவைதான். சுத்தப் பருத்தியில் மடிப்பு எங்கள் ஈரப்பதத்துக்கு மதியத்துக்குள் போய்விடும். 58 அங்குல அகலத்தில் ஒன்றுக்கு ஒன்றரை மீற்றர், 90/14 ஊசி, அங்குலத்துக்கு 10 தையல்.

மடிப்பு: உள் தையலையும் வெளித் தையலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காலைத் தட்டையாக்குங்கள். ஒரு பங்கு வினாகிரி, மூன்று பங்கு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மேலே விரியுங்கள். அயனை இழுக்காமல் வைத்து, 10 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். முன்பக்கம் இடுப்புப் பட்டை வரை, பின்பக்கம் கவட்டு உயரம் வரை. ஆறும் வரை தொடக் கூடாது. சூட்டோடு தூக்கினால் மடிப்பு இரட்டிக்கும். மேல்துணி இல்லாமல் அயன் பண்ணினால் பொலியெஸ்டர் மினுங்கும், அது பிறகு போகாது.

பருத்திச் சட்டைக்கு மெல்லிய சோற்றுக் கஞ்சி. தடித்தால் கடும் நிறத்தில் வெள்ளைத் திட்டுத் தெரியும். கஞ்சி போட்டதைக் களஞ்சியத்தில் வைக்காதீர்கள், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் வரும். விற்கும் நாளுக்கு முன் போட்டால் போதும்.

எழுத்து

சிகானாக்கள் உடுப்பில் போடும் ஆங்கிலக் கோதிக் எழுத்தின் கொம்புகளைத் தமிழில் ஒட்டினால் அசிங்கமாக வரும். தட்டை முனைப் பேனையை 45 பாகையில் பிடித்து எழுதவைத்து, வளைவை உடைக்க வேண்டிய இடத்தில் மட்டும் உடையுங்கள். 'ட', 'ப', 'ம' இதற்கு வசதி. 'ண', 'ஐ' கழுத்தறுக்கும். சொல்லைத் தெரிவுசெய்யும்போதே இதைப் பாருங்கள். "மட்டு" நன்றாக நிற்கும். அச்சில் கோடு ஒரு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. எம்பிராய்டரியில் கோடு ஒன்றரை, புள்ளி இரண்டரை மில்லிமீற்றர் வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி நூல்முடிச்சாகிவிடும்.

கோப்பை அனுப்பும்போது எழுத்தை வெளிக்கோடாக மாற்றியே அனுப்புங்கள். பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் திறக்கும். யூனிகோட்டில் அடித்தது சில வரைகலை மென்பொருள்களில் 'கொ' என்பதை உடைத்துக் கொம்பை இடம் மாற்றிவிடும். அச்சடிப்பவர் தமிழ் வாசிக்காதவராக இருந்தால் இருபது ரீசேர்ட் முடிந்த பிறகுதான் தெரியும்.

ஸ்கிரீன் அச்சுக்குச் சென்ரிமீற்றருக்கு 43 நூல் கொண்ட வலை, நீர் அடிப்படையிலான மை. கார்த்திகை, மார்கழி மழையில், எழுத்தைப் பதிக்க வலையில் பூசும் பூச்சு உள்ளே காயாது, கழுவும்போது எழுத்தோடு உரிந்துவிடும். மூடிய அறையில் மின்விசிறியோடு ஓர் இரவு விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தலைகீழ்: மை வலையிலேயே காய்ந்து அடைக்கும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் வலையை மையால் மூடி வையுங்கள், நீர்த்தெளிப்பானைக் கையில் வைத்திருங்கள். அச்சு காய்ந்ததும் 150 முதல் 160 பாகையில் இரண்டு, மூன்று நிமிடம் சூடாக்க வேண்டும். முதல் ரீசேர்ட்டை மறுநாள் துவைத்து, இழுத்துப் பார்த்த பிறகே மற்ற 19.

சதுரத் துணி எளிது: 45 அங்குல அகலத்தில் 22½ அங்குலமாக இரண்டு இரண்டாக வெட்டினால் 24க்கு 7 மீற்றர்.

படத்துக்குக் காலை ஆறரை முதல் எட்டு வரை கல்லடிப் பாலப் பக்கம். லொஸ் ஏஞ்சலிஸில் அலங்கரித்த காருக்குப் பக்கத்தில் நிற்பார்கள், இங்கே ஸ்டிக்கர் ஒட்டிய ஓட்டோ போதும். முகத்துக்கு அவரவர் வழக்கமாகப் போடும் மையும் தோடும் போதும். உள் லேபிளில் மூன்று வரி: மருதமுனைத் தறி, எழுத்தாக்கியவர் பெயர், "லொஸ் ஏஞ்சலிஸ் சிகானா பெண்களின் உடுப்பிலிருந்து கற்றது". கீழே: குளிர்நீரில் தனியாகத் துவைக்கவும், உட்பக்கம் திருப்பி அயன் பண்ணவும்.