டிராக்டர் பின்சக்கர ஆட்டம்: நான்கு நாள் தேடிய கோளாறு

சேற்றுழவு முடிந்த மறுநாளிலிருந்து, எங்கள் பழைய 35 குதிரைத்திறன் டிராக்டரைத் தார்ச்சாலையில் சற்று வேகமாக ஓட்டினாலே பின்சக்கரங்கள் இரண்டும் பாம்புபோல் நெளியத் தொடங்கின. காற்றழுத்தத்தைச் சரிசெய்தும் பயனில்லை. அச்சு பேரிங் போயிருக்கும் என்று மெக்கானிக் சொன்னதை நம்பி ஒரு பக்கத்தைப் பிரித்ததில் இரண்டு நாட்கள் வீணாயின. பேரிங்கில் குறையே இல்லை.

பிறகு முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி முட்டுக்கொடுத்து, செங்கல் அடுக்கில் ஓர் ஆணியை ரிம் விளிம்பை ஒட்டி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ரிம் 14 மி.மீ. விலகியது, ஆணியை டிஸ்க்கின் (ரிம்மை அச்சோடு இணைக்கும் நடுத்தட்டு) நடுப்பகுதிக்கு நகர்த்தியபோது ஆட்டமே இல்லை. ஆகவே கோளாறு அச்சில் இல்லை, டிஸ்க்கும் ரிம்மும் சேருமிடத்தில்தான்.

அங்கே நட்டுகளின் அடியில் துருப்பொடி செங்கோடாக வழிந்திருந்தது. இறுகிய நட்டில் இப்படி வழியாது. இரும்போடு இரும்பு உரசினால்தான் வரும். கழற்றியதும் விளங்கிற்று: உழவுக்கு முன் இரு பின்சக்கரங்களுக்கும் இடையிலான அகலத்தை மாற்றிய நானே, ரிம் காதுகளில் (டிஸ்க்கோடு போல்ட் போட்டுப் பிணைக்கும் நீட்சிகள்) ஒட்டியிருந்த களிமண்ணைச் சுரண்டாமல் முடுக்கியிருக்கிறேன். மண் காய்ந்து உதிர, பிடி தளர்ந்து, இரண்டு துளைகள் முட்டைவடிவில் தேய்ந்திருந்தன.

டயரைக் கழற்றிய பிறகே (காற்றடைத்த டயரோடு ரிம்மில் வெல்டிங் வைப்பது உயிருக்கு ஆபத்து) அத்துளைகளை நிரப்பி மீண்டும் துளையிட்டு, காதுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, புது போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினேன். 10 மணி நேர ஓட்டத்துக்குப் பின் முடுக்கியபோது இன்னும் கால் சுற்று போயிற்று. ஆணி இப்போது 3 மி.மீ. காட்டுகிறது, நிம்மதி.