ஆடும் கேமரா, ஓடும் பையன்

அக்கா மகன் திடலில் பந்தோடு ஓடுவான், மேலே என் டிரோன். படத்தில் அவனைச் சுற்றிப் போட்ட கட்டம் விடாமல் அவனோடு போக வேண்டும். முதல் தடவை ஏழு வினாடி போனது, அப்புறம் ஓரத்துக் குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டது. "மாமா, அது நான் இல்ல" என்றான்.

சிங்கப்பூரில் பறக்கவிடும் முன் இடத்தைப் பாருங்கள். சாங்கி, சிலேத்தார், தெங்கா, பாய லேபார், செம்பவாங் விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 200 அடிக்குக் கீழே. டிரோன் 250 கிராமைத் தாண்டினால் பதிவும் வேண்டும்.

சரி, குப்பைத்தொட்டிக்கு வருவோம். 4கே படத்தின் அகலம் 3,840 பிக்சல். என் லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 73 டிகிரி பார்க்கும், அதாவது டிகிரிக்கு ஏறக்குறைய 53 பிக்சல். வினாடிக்கு 30 பிரேம் எடுக்கும்போது டிரோனை வினாடிக்கு 30 டிகிரி திருப்பினால், பிரேமுக்குப் பிரேம் காட்சி மொத்தமும் 53 பிக்சல் நகர்கிறது. 50 மீட்டர் தள்ளி, குறுக்கே வினாடிக்கு 4 மீட்டர் ஓடுகிற பையன் நகர்வதோ வெறும் எட்டு பிக்சல். கட்டம் தடுமாறியது அவனால் அல்ல, என் கைத் திருப்பலால்.

ஆகவே நம் கேமராவின் ஆட்டத்தை முதலில் கழியுங்கள். படங்களை அலசும் இலவச மென்பொருளான ஓப்பன்சிவியில், பையனின் கட்டத்துக்கு வெளியே, பொருள்களின் மூலைபோல எளிதில் அடையாளம் தெரியும் நூறு இருநூறு மூலைப்புள்ளிகளை எடுத்து, லூகாஸ்-கனாடே முறையில் அடுத்த பிரேமில் தேடுங்கள். ஒத்துவராத புள்ளிகளை ரான்சாக் என்ற கணக்குமுறை கழித்துவிடும். இரண்டுமே 1981-இல் வந்தவை, என்னைவிட மூத்தவை! கிடைக்கும் நகர்வையும் சுழற்சியையும் வைத்துப் புதுப் பிரேமைப் பழையதன்மேல் பொருத்திய பிறகே, கட்டத்தை நகர்த்தும் ஓப்பன்சிவியின் பின்தொடரும் கருவியான சிஎஸ்ஆர்டியிடம் கொடுங்கள். காட்சி கால்வாசி நகர்ந்ததும் புதிய பிரேமை அடிப்படையாக்கி, கட்டத்தை மறுபடி தொடங்குங்கள். இல்லாவிட்டால் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

புள்ளிகளைத் தரையிலிருந்து எடுங்கள்: கோல்கம்பத்தின் அடி, நடைபாதைக் கோடு, கால்வாய் விளிம்பு. இலையும் தண்ணீரும் தாமே அசைபவை. அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடிகளும் ஆகாது, டிரோன் நகரும்போது உயரமானவை தரையோடு ஒத்து நகர்வதில்லை.

கணினி வேகமாகக் கணக்குப் போடட்டும் என்று படத்தைச் சுருக்காதீர்கள். 50 மீட்டரிலிருந்து நேர்கீழே பார்த்தால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். பையனின் தோள் இருபது பிக்சல்தான், அகலத்தை 1,280 ஆக்கினால் ஏழு. அவனைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் அவன் மறைந்தால் கட்டத்தைப் புதுப்பிக்காதீர்கள், சிஎஸ்ஆர்டி இலையையே பையன் என்று கற்றுக்கொள்ளும். இதுவரை ஓடியதை வைத்து அடுத்த இடத்தைக் கணிக்கும் கால்மன் வடிகட்டி ஊகிக்கும் திசையில் ஒன்றிரண்டு வினாடி காத்திருந்து, வெளியே வருகிற இடத்தில் தேடுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் நிழல் ஆளைவிட நீளம், கட்டம் அதையும் சேர்த்துப் பிடிக்கும். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். வெயில் கொளுத்தும், ஆனாலும் நிழல் காலடியிலேயே கிடக்கும். சிஎஸ்ஆர்டி நிறத்தையும் பார்ப்பதால் புல்தரையில் பச்சைச் சட்டை மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் அது அவனுடைய அதிர்ஷ்டச் சட்டை, ஒரு ஐஸ் மைலோ வாங்கித் தந்துதான் மாற்றவைத்தேன்.